சுவரைப் பார்த்த மெஷின்

காதர் பாய் இறந்துவிட்டாராம். காலையில் அவர் மகன் போன் செய்தான். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடையநல்லூரில் அடக்கம்...

சங்கரன்கோவிலில் வளர்ந்த பெண்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. ரத வீதிக்குப் பின்னால், சந்தில் சின்ன டெய்லர் கடை.

மெஷின் சுவரைப் பார்த்து இருக்கும். வருகிறவர்களுக்கு அவர் முதுகுதான் தெரியும். அளவு ஜாக்கெட்டை மேஜையில் வைத்துவிட்டு அந்த முதுகிடம் பேச வேண்டும். திரும்பாமலே துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வார்.

தெரியாதவர்களுக்கு... நான் சென்னையில் இன்டீரியர் டிசைன் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு அறை வாய் திறக்காமல் நம்மிடம் என்ன சொல்கிறது என்பதுதான் முதல் வகுப்பு.

அதில் வருஷா வருஷம் பாய் கடை போட்டோவைப் போட்டேன். முதுகைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"இந்தக் கடை என்ன சொல்லுது?"

"நீங்க வேண்டாம், கிளம்புங்கன்னு சொல்லுது மேடம்!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும்தான்.

அம்மாவிடம் மட்டும், பாய் கடையைப் பாடமாக நடத்துகிறேன் என்று பீற்றிக்கொண்டேன். அம்மா சும்மா இருப்பாளா? நேரே போய் அவரிடம் சொல்லிவிட்டாள்.

அடுத்த லீவில் கடைக்குப் போனேன். எழுந்து திரும்பி நின்றார். "நம்ம கடைல பாடம் நடத்த என்னம்மா இருக்கு?"

மெஷினை ஏன் இப்படிப் போட்டிருக்கிறீர்கள் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். போட்டோ எடுத்தபோதே கேட்டிருக்க வேண்டியது.

"பொம்பளப் பிள்ளைங்க இங்கன இறுக்குது, அங்கன லூசுன்னு சொல்லணும்லா? நான் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தா எப்படிம்மா சொல்லும்?"

சுருக்கென்றது. பத்தாவது படிக்கும்போது அதே இடத்தில் நின்று, கூச்சமே இல்லாமல் எல்லாம் சொன்னவள் நான். வேறு எந்தக் கடையிலும் எனக்கு அந்தத் தைரியம் வந்ததில்லை. படித்துக் கிழித்து என்ன பிரயோஜனம்?

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "நல்ல கடைன்னுதான் பாய் சொல்லுதேன்" என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்குக் கலர் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்... வெட்கங்கெட்டுப்போய்.

திரும்பி வந்து சத்தமில்லாமல் அந்த ஸ்லைடை எடுத்தேன். சிரித்த பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேடத்துக்கே தெரியலையா என்று கேட்டுவிட்டால் மானம் போய்விடுமாம்.

அன்றைக்குச் சிரித்த பிள்ளைகள் நிறைய பேர் இந்த ஃபேஸ்புக்கில்தான் இருக்கிறீர்கள். இப்போது சொல்கிறேன். அந்தக் கடை யாரையும் போகச் சொல்லவில்லை. பயப்படாமல் பேசச் சொன்னது. தப்பாகப் படித்தது நான்.

காலையில் போனில் பாயின் மகன் சொன்னான். "வாரவங்க எல்லார்ட்டயும் வாப்பா சொல்லுவாங்க, நம்ம கடை மெட்ராஸ் காலேஜ்ல பாடம்னு. என்ன பாடம்னு உங்ககிட்ட கேக்க ரொம்ப ஆசைக்கா. படிச்ச பிள்ளைய தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு விட்டுட்டாங்க."

பிறகு அவனே கேட்டான். "என்ன பாடம்க்கா அது?"

அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

தம்பி, இதுதான் அது.

பாய்... மன்னிச்சிருங்க. போயிட்டு வாங்க.