இரண்டு கண்ட்ரோலர், ஒரு தண்டவாளம்

ஐம்பதைத் தாண்டினால் சிலருக்கு பக்தி வரும், சிலருக்குச் சர்க்கரை வரும். எனக்கு பொம்மை ரயில் வந்தது. தலத்தெரு வீட்டு மாடியறையில் ஒட்டுப்பலகை மேல் தண்டவாளம், பிளாட்பாரம், கட்டெறும்பு அளவில் பயணிகள். யாராவது பொம்மை என்றால் 'மாடல்' என்று திருத்துவேன். அவர்கள் என் மனைவியைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

பழைய பொம்மை ரயில் கரண்டைக் கூட்டினால் ஓடும், குறைத்தால் நிற்கும். இப்போது அது கேவலமாம். டிஜிட்டல் கண்ட்ரோலர் தண்டவாளம் வழியாகவே எஞ்சினுக்குக் கரண்டையும் கட்டளையையும் சேர்த்து அனுப்பும். எஞ்சின் யார் சொன்னாலும் கேட்கும், சமர்த்து. ஆனால் இரண்டு கம்பெனிகளின் கண்ட்ரோலர்களை ஒரே நேரத்தில் ஒரே தண்டவாளத்தில் கட்டினால் ஒன்று மற்றதைக் கொன்றுவிடும். மகா மேதைகள் கூடிச் செய்த கருவிக்குக் கூடி வாழ மட்டும் சொல்லித்தரவில்லை.

என் மச்சினன் பிரான்சில் இருக்கிறான். அவனுக்கும் இதே வியாதி. லீவுக்கு வந்தபோது தன் எஞ்சினையும் கண்ட்ரோலரையும் சட்டைகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்தான். போன தடவை என் கிண்டல் தாங்காமல், சாப்பிடாமலே ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியவன் அவன்.

"இந்தத் தடவையாவது என் தம்பி சிரிச்ச முகமா ஊருக்குப் போகணும். உங்க நக்கலையெல்லாம் மூட்டை கட்டி வைங்க" என்றாள் மனைவி.

கட்டினேன். முடிச்சுதான் நிற்கவில்லை.

"என்ன அத்தான், இந்த டப்பாவையா கண்ட்ரோலர்ங்கிறீங்க? எங்க ஊர்ல கேரேஜ் கதவுக்கே இதைவிட நல்லதா இருக்கும்."

"உங்க ஊரா? நெரவியில பொறந்தவனுக்கு எதுடா ஊரு?"

சரியான முறை இருவருக்கும் தெரியும். நடுவில் ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச். ஒருவருடையது ஓடும்போது மற்றவருடையது அணைந்திருக்க வேண்டும். யாருடையது அணைவது? விருந்தாளியை அணை என்று நான் சொல்ல முடியுமா? வீட்டு மாப்பிள்ளையை அணை என்று அவன்தான் சொல்வானா? "உங்களுதே இருக்கட்டும்", "இல்லை, உன்னுதே இருக்கட்டும்" என்று மரியாதை முற்றி, கடைசியில் தண்டவாளத்தையே பாதியில் வெட்டினோம். கிழக்குப் பாதி அவனுக்கு, மேற்குப் பாதி எனக்கு, நடுவில் மயிரிழை இடைவெளி.

"எஞ்சின் அதைத் தாண்டுறப்ப என்ன ஆகும் அத்தான்?"

"பூவத்துல பஸ் தாண்டலையா? இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. டிரைவர் கியர்கூட மாத்தறதில்ல."

எல்லையோரத்தில் குடியிருப்பவனின் மின்சார ஞானம் அவ்வளவுதான். அவனும் நம்பினான். எத்தனை வருஷம் பிரான்சில் இருந்தால் என்ன, இந்த ஊர்க்காரன்தானே.

அவன் எஞ்சின் கம்பீரமாகப் புறப்பட்டது. மூக்கு என் பாதியில், வால் அவன் பாதியில். அதன் உலோகச் சக்கரங்களே இரண்டு பாதிகளையும் இணைத்துவிட்டன. அவன் கண்ட்ரோலர் 'கீ' என்று கத்திவிட்டுத் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது, விவரமான பிள்ளை. என்னுடையதற்கு அந்த விவரம் போதவில்லை. புகைந்தது.

மச்சினன் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். "கியரே மாத்தலையே அத்தான்!"

கருகிய நாற்றம் கீழே எட்டி, மனைவி மாடியேறி ஓடிவந்தாள்.

"யாரோடது எரிஞ்சுது?"

"என்னோடது."

"அப்பாடா" என்று சொல்லிவிட்டு, தம்பிக்குக் காபி போட இறங்கிப் போனாள்.