பொட்டு வாங்கிய இரண்டாவது வயர்

தொண்ணூறுகளின் கடைசி. மதுரைக்காரனான நான் அருப்புக்கோட்டையில், சேலை டிசைன் வரைகிற ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து பேர் வரைவார்கள். அத்தனை பேருடைய டிசைனும் சர்வர் என்ற ஒரே பெட்டியில் இருக்கும். ஐவரும் ஒரே நேரத்தில் திறந்தால் திணறிவிடும். ஒரு முந்தானை திரைக்கு வருவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம்.

"சர்வர்ல, வயர் சொருகுற நெட்வொர்க் கார்டு இன்னொன்னு போட்டு, ரெண்டு வயரையும் சேத்து ஒரே பாதையா ஆக்கிரலாம். வேகமும் கூடும். ஒன்னு போனாலும் இன்னொன்னு இழுத்துக்கிட்டுப் போயிரும்" என்று முதலாளியிடம் அடித்துவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஓடலைன்னா அடுத்த மதுரை பஸ்ஸுல ஊரு போயிச் சேருங்க தம்பி" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிற ஆளில்லை அவர்.

கார்டு வந்தது. நல்ல நேரம் முடிவதற்குள் மாட்டச் சொல்லிக் கடிகாரத்தோடு பக்கத்திலேயே நின்றார். சர்வரிலும், வயர்கள் போய்ச் சேரும் ஸ்விட்சுப் பெட்டியிலும், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தேன். அவசரத்தில், முனையைக் கழலாமல் பிடித்துக்கொள்ளும் கொக்கி ஒடிந்த வயர் ஒன்றையும் சொருகித் தொலைத்தேன். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம்! ஒன்றைப் பிடுங்கிச் சோதிக்கலாம் என்று கை வைத்ததும் முதலாளி பதறிவிட்டார்.

"நல்ல காரியம் ஆரம்பிச்சன்னைக்கே வயரைப் புடுங்குறதா? விடுங்க தம்பி!"

ஆக, நான் சொன்னதில் பாதி சோதிக்கப்படாமலே கிடந்தது.

ஆயுத பூசை வந்தது. முதலாளி வீட்டு வழக்கத்தில் சும்மா கிடக்கிற சாமானுக்குப் பொட்டு வைக்க மாட்டார்கள்; ஓடவிட்டுத்தான் வைப்பார்கள். ஐவரும் வரைந்துகொண்டிருக்க, முதலாளியின் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு சர்வருக்குப் பின்னால் போனார். ஒவ்வொரு வயர் முனையிலும் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார். கொக்கி ஒடிந்த வயர் கழன்று தொங்கியது. அது சொருகியிருந்த கார்டின் பச்சை விளக்கு அணைந்தது.

செத்தோம் என்று திரைகளைப் பார்த்தேன். ஒரு திரையில் மயில் வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தது. இன்னொன்றில் மாங்காய்க் கரை. ஒருத்தரும் தலை நிமிரவில்லை.

"ஓடுது! அண்ணாச்சி, ஒத்த வயர்ல ஓடுது!" என்று பூசை மணிச் சத்தத்தையும் மீறிக் கத்தினேன். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

முதலாளி குனிந்து தொங்கிய வயரைப் பார்த்தார். அப்புறம் திரைகளைப் பார்த்தார்.

"மதுரைக்கு அடுத்த பஸ்ஸு எப்ப?" என்றார்.

நான் என் பையைத் தேட ஆரம்பித்தேன்.

"சுண்டலைத் தின்னுட்டுக் கெளம்புங்க. மூணாவதா ஒரு கார்டு வாங்கிட்டு வாங்க."