சரசக்காவின் சினையாடுகளும் ரபீக் பாயின் நத்தைகளும்

ரபீக் பாய் போய்விட்டார். நேற்று மதியம்... மாரடைப்பு.

கோட்டைமேட்டில் அவர் வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். கால்நடை நோய் ஆய்வகத்தில் அவரும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், பக்கத்துப் பக்கத்து மேசை.

அழுதுகொண்டே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பாயை நினைத்தால் நத்தைதான் ஞாபகம் வருகிறது, நத்தை வந்தால் சிரிப்பும் கூடவே வந்துவிடுகிறது. என்ன செய்ய!

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டின் ஈரலுக்குள் ஒரு தட்டைப்புழு குடியேறும். ஆடு மெலியும், தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும், கடைசியில் செத்துப்போகும்.

அந்தப் புழு குஞ்சாக இருக்கும்போது ஒரு குட்டி நத்தைக்குள் போய் வளரும். பிறகு வெளியே நீந்தி வந்து தண்ணீரோரப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லைத் தின்னும் ஆடு மாட்டிக்கொள்ளும். எவ்வளவு கெட்டிக்காரப் புழு பாருங்கள்!

தாராபுரம் பக்கம் சரசக்கா. செம்மறி ஆடுதான் அவருக்குப் பிழைப்பு. மந்தையில் சினையாடுகள் மட்டும் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. மருந்து கொடுத்தால் தேறும், மறுபடியும் விழும்.

"இன்னொரு சினையாடு செத்துதுன்னா அத்தனையும் சந்தைக்கு ஏத்திப்போடுவேனுங்க" என்றார். சும்மா சொல்லவில்லை. வண்டிக்காரரிடம் பேசியே வைத்திருந்தார்.

நாங்கள் போய் அவர் தோட்டத்து வாய்க்காலில் நத்தை பொறுக்கினோம். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிய பாயைப் பார்த்து அக்கம்பக்கத்தார், "ஏனுங்க, இதயும் திம்பாங்களா?" என்று கேட்டார்கள். பாய் குனிந்து அடுத்த நத்தையை எடுத்தார்.

ஆய்வகத்துக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை... குழாயைத் திறந்து நத்தைத் தொட்டியை நிரப்பியது!

"நம்மூரு சிறுவாணித் தண்ணிங்க டாக்டர். அந்தச் சேத்துத் தண்ணியக் குடிச்சதுக்கு இது அமிர்தமா இருக்கும்."

காலையில் பார்த்தால் ஒன்று விடாமல் அடியில் செத்துக் கிடந்தன. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், நத்தைக்கு அது ஆகாது என்று ரெண்டு பேரும் படித்தவர்கள்தான். ஆனால் சிறுவாணி என்று வந்துவிட்டால் கோயம்புத்தூர்க்காரருக்குப் படிப்பெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கிறது!

மறுபடியும் தாராபுரம். இந்த முறை வாய்க்கால் தண்ணீரையும் கேனில் பிடித்துக்கொண்டு வந்தோம்.

கண்ணாடிக் குழாய்க்கு ஒரு நத்தை போட்டு ஜன்னலோர வெயிலில் வைத்தோம். வெளிச்சம் பட்டால் புழு வெளியே வரும். வரவில்லை. பாய் சாப்பிடப் போகாமல் அங்கேயே நின்றார்.

திடீரென்று ஒரு சத்தம். "வந்துருச்சுங்க டாக்டர்! வந்துருச்சு! வாலாட்டிட்டு வந்துருச்சு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன்... ஒரு குழாயில் மட்டும் பொடிப்பொடியாக, வாலோடு துள்ளிக்கொண்டிருந்தன. நானும் கத்தினேன். யாருக்கோ குழந்தை பிறந்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

பாய் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து வீடியோ எடுத்து வீட்டுக்காரம்மாவுக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது. "இதுக்குத்தான் சோத்துக்கு வரலீங்களா?"

அதே வேகத்தில் வண்டியெடுத்துப் போய்ச் சரசக்காவிடம் சொன்னால், அவர் உதட்டைப் பிதுக்கினார். "எங்க ஆடெல்லாம் மேட்டுக்காட்டுலதானுங்க மேயும். வாய்க்காப் பக்கம் போறதே இல்லீங்களே."

எங்கள் மூஞ்சி தொங்கிப்போய்விட்டது. அப்போதுதான் பட்டியில் தனியாகக் கட்டியிருந்த சினையாடுகளின் முன்னால் கிடந்த பச்சைப் புல்லைப் பாய் பார்த்தார்.

"இந்தப் புல்லு ஏதுங்கக்கா?"

"வாய்க்கா ஓரத்துல நானே அறுத்துட்டு வாரதுங்க. வாயும் வயிறுமா இருக்குதுக பாவம், காஞ்ச சோளத்தட்டையா போடறது?"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. "ஐயோ... நானே ஊட்டிக் கொன்னுபோட்டனா?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் குதிக்க வேண்டிய பாய், குதிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வீடியோவைக் காட்டினார். "கொன்னது இதுங்கக்கா. நீங்க பாசமாத்தான் போட்டீங்க. புல்லுல ஒட்டிக் கெடந்தா இத ஆராலீங்க பாக்க முடியும்?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் புழுவைத் திட்டினார் பாருங்கள்... இங்கே எழுத முடியாது. பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்றோடு வாய்க்கால் புல் நின்றது. சோளத்தட்டும் மருந்தும்தான். வண்டிக்காரரையும் வர வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். ஆனால் பாய் மட்டும் வெற்றி என்று ஒத்துக்கொள்ளவே இல்லை. "மொதல்ல ஒண்ணு நல்லபடியா குட்டி போடட்டுங்க டாக்டர், அப்புறம் பேப்பர் எழுதலாம்" என்பார்.

சற்று முன் சரசக்கா போனில் கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"அம்மணி! போட்டுருச்சுங்க! ரெட்டக் குட்டி! ரெண்டும் பொட்டக்குட்டிங்க! எந்திரிச்சு நின்னு முட்டி முட்டிப் பால் குடிக்குதுக! பாய்கிட்டத்தான் மொதல்ல சொல்லோணும்னு காலைல இருந்து போன் போடறேன், எடுக்கவே மாட்டேங்கறாருங்க. நீங்க சொல்லிப்போடுங்க அம்மணி!"

"சொல்றேனுங்கக்கா" என்றேன். பாய் போன செய்தியைச் சொல்லாமலே போனை வைத்தேன்.

பாய்... ரெட்டைக் குட்டிங்க. தாயும் நல்லா இருக்குதாம்.

போயிட்டு வாங்க.