நான் மோதவிட்ட விமானங்கள்

போன வாரம் டோர்ட்மண்டிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். ‘ஏழு புள்ளி.’ அவ்வளவுதான். அனுப்பியவள் நிரோசா. பதினைந்துக்கு ஏழு வாங்கிவிட்டு நான் படித்த ஸ்கூலில் யாரும் வாயைத் திறக்க மாட்டோம். இவளோ பக்கத்திலேயே மூன்று சிரிப்பு முகங்களையும் போட்டிருந்தாள்.

காரணம் உண்டு. இங்கே ஜெர்மனியில் அபிட்டூர் என்பது நம் ப்ளஸ் டூ மாதிரி. வகுப்புத் தேர்வில் கணக்கு இந்த முறையும் ஐந்துக்குக் கீழே போனால், அவளை அபிட்டூரே எழுத விடமாட்டார்கள். ஒரு வருஷம் போச்சு.

அந்தத் தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அவள் அப்பா ஞானம் அண்ணை மன்னார்க்காரர். நான் வேலை பார்க்கும் வால்டோர்ஃபிலிருந்து அந்தப் பக்கம் போனால் எனக்குச் சாப்பாடு அங்கேதான். மதியம் சாப்பிட்டு எழுந்தால், மேசையை நிரோசாவும் அவள் வகுப்புத் தோழர்கள் ஜெரோமும் தர்சினியும் பிடித்துக்கொண்டார்கள்.

வெக்டர் கணக்கு. இரண்டு விமானங்கள், ஆளுக்கொரு நேர்கோட்டில் பறக்கின்றன. மூன்று கிலோமீட்டருக்குள் நெருங்கினால் ஆபத்து. நெருங்குமா? ஒரு மணி நேரமாக மல்லுக்கட்டியும் மசியவில்லை.

“தம்பி இஞ்சினியர்தானே, அவரிட்ட ஒருக்காக் கேளுங்கோவன்” என்றார் அண்ணை.

கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த ஆள் நான். ப்ளஸ் டூவில் கணக்கில் சென்டம் — இதை இந்தப் பத்தித் தொடரில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? இரண்டு கோடுகளுக்கு நடுவே மிகக் குறைந்த தூரம்... அதற்கு ஒரு ஃபார்முலா உண்டு. பதினேழு வயதில் மனப்பாடம் செய்தது அப்படியே வந்தது. ஐந்தே நிமிடம். “ஒரு கிலோமீட்டர். ஆபத்துதான்” என்று பேனாவை மூடினேன்.

ஜெரோம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இது எப்பிடி வந்தது, அங்கிள்?”

“ஃபார்முலாப்பா. போட்டா வந்துடும்.”

“ஏனெண்டு எழுதாட்டி எங்களுக்குப் புள்ளி தரமாட்டினம்.”

ஏன் என்று எனக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லையே. டீயை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. புரியாதவர் கையில்தான் பேனா இருக்கும். புரிந்தவர்கள் அதைத் தொடக்கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். அன்று பேனா நிரோசாவிடம்.

“முதல் பிளேன் அங்கிள் சொன்ன அந்தக் கிட்டின இடத்துக்கு எப்ப வருது?” — தர்சினி.

நிரோசா கணக்குப் போட்டாள். “அஞ்சாவது நிமிசம்.”

“அப்ப மற்றது எங்க நிக்குது?”

மறுபடியும் போட்டாள். அடித்தாள். திரும்ப எழுதினாள். இந்த வேகத்தில் போனால் பரீட்சையில் பெல் அடித்துவிடுமே என்று எனக்குத்தான் தவிப்பு. அவர்கள் இரண்டு பேரும் பேனாவைத் தொடவில்லை.

“மற்றது இன்னும் வரேல்லை” என்றாள் மெதுவாக. “ஆறாவது நிமிசம்தான் வருது. அங்கிள் கண்டுபிடிச்சது ரெண்டு பாதைக்கும் இடையில உள்ள தூரம். பிளேனுகளுக்கு இடையில இல்லை.”

பிறகு ஒரே நேரத்தில் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று எழுதிக் கண்டுபிடித்தாள். மிக நெருங்கும்போதே ஐந்து கிலோமீட்டருக்கு மேல். ஆபத்தே இல்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலும். கேள்வித்தாளில் நேரம், வேகம் எல்லாம் தெளிவாக இருந்தன. நான்தான் படிக்கவில்லை. ‘இரண்டு கோடு, குறைந்த தூரம்’ — கண்ணில் பட்டவுடன் கை ஓட ஆரம்பித்துவிட்டது. அப்படித்தானே பழக்கினார்கள்? ஆபீஸில் மட்டும் என்ன வாழ்கிறது? கஸ்டமர் பாதி சொல்வதற்குள் “யெஸ், யெஸ்” என்று தலையாட்டிவிட்டு, அவர் கேட்காத ஒன்றை மூன்று மாதம் உழைத்துச் செய்து கொடுக்கிறோம். அதில் தப்பே இருக்காது என்பதுதான் கொடுமை.

எஸ்.எம்.எஸ். பார்த்ததும் நிரோசாவைப் போனில் பிடித்தேன்.

“அதே மாதிரி ஒரு கணக்கு வந்தது, அங்கிள். பிளேனுக்குப் பதிலா கப்பல்.”

“பயந்தியா?”

“ஓம். முதல்ல உங்கட ஃபார்முலாதான் ஞாபகம் வந்தது.”

“அப்புறம்?”

“அதை விட்டுட்டுக் கேள்வியை இன்னொருக்கா வாசிச்சன்.”

என் சென்டத்தால் ஒருவர் பாஸானது இதுதான் முதல் தடவை.