நாற்பத்தைந்தில் சுழன்ற தட்டு

மாமா அந்த இசைத்தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கினார். மற்றொரு கையில் பெயிண்ட் கறை படிந்த பை. பெங்களூரிலிருந்து வரும் வழி முழுக்க அதைக் கீழே வைக்கவில்லை என்று சொன்னார். அப்பா நம்பவில்லை. மாமா சொல்லும் எதையும் அப்பா முதல் தடவையில் நம்பியதில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெங்களூரில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்தால் எங்கள் மாதா கோயில் பங்கின் பேண்டு செட்டில் சாக்ஸபோன் ஊதுவார். அவர் வேலை செய்த கட்டடத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் வேண்டாத சாமான்களை வாசலில் குவித்திருக்கிறார். அதில் சாக்ஸபோனைப் பிடித்தபடி நிற்கும் மெலிந்த இளைஞனின் படம் போட்ட அட்டை ஒன்று கிடந்தது. மாமா எடுத்துப் பார்த்ததும் பெரியவர் "தகோ, தகோ", எடுத்துக்கொள் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை இழுக்கப் போய்விட்டாராம்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. வீட்டில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த ஒரே ஆள். பின்னட்டையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னேன். அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஒருவர் பெயர் வாங்குவதற்கு முன்னால், சிறு வயதில் வாசித்த பதிவுகளைத் தேடிச் சேர்த்து வெளியிட்ட தட்டு அது. மாமா அட்டையைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். "ஆரம்பத்துல ஊதுனதுங்களா. அப்ப சரி. நானும் ஆரம்பத்துலதான இருக்கறேன்" என்றார்.

அதற்கு அப்பா சொன்னதை எழுத முடியாது. ஆனால் அவர் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது.

எங்கள் திருவிழாவில் எந்த பேண்டு முன்னால் போவது என்பதை விழாக் கமிட்டி முடிவு செய்வதில்லை. சப்பரம் தூக்கும் பதினாறு பேர் முடிவு செய்வார்கள், அதுவும் வாயால் அல்ல. சேலத்து செட் ஒன்று வருடாவருடம் வரும். அவர்களும் எங்கள் செட்டும் கோயில் வாசலில் ஆளுக்கொரு பாட்டு வாசிக்க வேண்டும். முதல் பாட்டுக்குக் குனியக் கூடாது; இரண்டாவது பாட்டு பிடித்துப்போனால் அதற்கே பதினாறு பேரும் தோள் கொடுப்பார்கள், இல்லையென்றால் முதல் செட் மறுபடி வாசிக்கும். எந்தப் பாட்டு ஒலிக்கும்போது மாதா சப்பரம் தரையைவிட்டு எழும்புகிறதோ அந்த செட் முன்னால் போகும். மற்றது எல்லாவற்றுக்கும் கடைசியாக, சம்மனசு என்கிற தேவதூதரின் சப்பரத்துக்குப் பின்னால், ஐஸ் வண்டியோடு சேர்ந்து வரும். முந்தின வருடம் பாட்டின் நடுவில் மாமாவின் சாக்ஸபோனில் ரீடு பிளந்து, ஆடு கத்தியது போல ஒரு சத்தம் வந்தது. பிள்ளைகள் ஒரு வருடம் அந்தச் சத்தத்தைக் கத்திக் காட்டியே மாமாவை வரவேற்றார்கள்.

அதனால் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். அவருக்குச் சொட்டு நீர்க் குழாய் விற்கும் கடை இருந்தது. "இந்த வருசமும் பின்னாடி போனீன்னா அந்தக் குழாய வித்துட்டு எங்குழாய விக்க வந்துரு மச்சான்" என்றார். மாமா அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டார்.

தட்டைக் கேட்க ஒரு கருவி வேண்டும். எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சவுண்டு சர்வீஸ்காரர் வீட்டுப் பரணில், அவருடைய அப்பா கல்யாண வீடுகளில் பாட்டுப் போட்ட பழைய ரிக்கார்டு பிளேயர். அதில் வேகத்தை மாற்றும் திருகு உடைந்து, நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்றில் நின்றுபோயிருந்தது. சினிமாப் பாட்டின் சின்னத் தட்டுகளுக்கு அந்த வேகம் சரி. மாமா கொண்டுவந்தது முப்பத்துமூன்று சுற்றுக்காகச் செய்த பெரிய தட்டு. சி.டி. காலத்தில் தொழிலுக்கு வந்த சவுண்டு சர்வீஸ்காரருக்கு இது தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. போதாததற்கு, அட்டைப்படத்துக்காரர் ஊதியது கனத்த குரல் கொண்ட பெரிய சாக்ஸபோன். வேகம் கூடியதில் அந்தக் குரல் மேலே ஏறி, மாமாவிடம் இருந்த சின்ன சாக்ஸபோனின் குரலாகவே கேட்டது. சந்தேகப்பட யாருக்கும் காரணம் இல்லை.

சென்னையில் பத்திரிகை வேலைக்கு வந்த பிறகு ஒரு நாள், அந்தத் தட்டிலிருந்து மாமா பழகிய பாட்டைச் சரியான வேகத்தில் கேட்டேன். நடுவில் எழுந்து போக முடியாத அளவுக்கு மெதுவான, துக்கமான பாட்டு. ஊருக்குப் போனபோது போனில் மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "நல்லாத்தான் ஊதறாரு. ஆனா ஏன் இப்பிடித் தூங்கி வழியறாரு?" என்றார்.

மாமா தட்டோடு வந்தபோது, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியிருந்தது. நாற்பது நாளும் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது, மேளம் கிடையாது. பேண்டுக்காரர்கள் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். மாமா பெங்களூருக்குத் திரும்பாமல் எங்கள் மாந்தோப்பு மோட்டார் ரூமுக்குள் பிளேயரோடு புகுந்துகொண்டார். தவக்காலத்தில் ஊதுவது பாவம் என்று அம்மா பயந்தார். பங்குச் சாமியாரிடம் கேட்கப் போனார். மோட்டார் ரூம் பக்கம் ஏற்கெனவே நடந்துபோயிருந்த சாமியார், அது மகிழ்ச்சிக்கான சத்தமாகத் தனக்குத் தோன்றவில்லை என்றும், தவமாகவே கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

மாமா இரண்டாம் பக்கத்தின் மூன்றாம் பாட்டைத் தேர்ந்தெடுத்தார். முதல் வாரம் விரல் ஓடவில்லை. இரண்டாம் வாரம் மூச்சு போதவில்லை. உதடு வெடித்து, வெண்ணெய் தடவிக்கொண்டு திரிந்தார். சைடு டிரம் வாசிப்பவர் ஒரு மதியம் வந்து தட்டைக் கேட்டுவிட்டு, இது மனுசன் ஊதுறதே இல்லை, ஏதோ மிஷின் என்றார். மாமா அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "போட்டோ இருக்குதில்ல? மனுசந்தான். அவனுக்கும் பத்து வெரலுதான்."

ஈஸ்டர் முடிந்து மாங்காய் இறக்கும் நாட்களில் திருவிழா வந்தது. சாயங்காலப் பூசை முடிந்தபோது வெயில் இன்னும் இருந்தது. சேலத்து செட் முதலில் நின்றது. நீலக் கோட்டு, தங்கச் சரிகை, பன்னிரண்டு பேர். அவர்களுடைய மாஸ்டர் வயதானவர், கிளாரினெட்காரர். ஒரு மாதா பாட்டை எடுத்து, பிசிறே இல்லாமல் வாசித்தார்கள். பாட்டு முடிவதற்குள் சப்பரத் தண்டு ஓரம் நின்ற இரண்டு பேர் குனிந்துவிட்டார்கள். மூத்தவர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். அடுத்த செட்டையும் கேட்க வேண்டும், அதுதான் முறை. குனிந்தவர்கள் மனசில்லாமல் நிமிர்ந்தார்கள். பதினாறு பேரில் ஒருவராக முன் தண்டில் அப்பா நின்றிருந்தார். அவர் குனியவில்லை. அவர் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மாமா ஊதத் தொடங்கினார். நாலாவது வரியில் சைடு டிரம் தாளம் தவறி நின்றுபோனது. கூட்டத்தில் எவனோ ஆடு போலக் கத்தினான். சிரிப்பு எழுந்தது. மாமா நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, துணைக்கு எதுவும் இல்லாமல், அந்த வேகத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். ஒரு சுரம் தப்பவில்லை. சிரிப்பு ஓய்ந்தது. அப்போது பெரிய டிரம்காரர், அதிகம் யோசிக்காத மனிதர், நடக்கிற காலுக்கு அடிப்பது போல ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு தட்டினார். அது போதுமாக இருந்தது. ஜால்ரா சேர்ந்தது. சைடு டிரம் ஓடிவந்து தொற்றிக்கொண்டது. வாசலில் நின்ற செருப்புக் கால்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மண்ணைத் தட்டுவதைப் பார்த்தேன்.

முதலில் குனிந்தவர் அப்பாதான். மற்ற பதினைந்து பேரும் அவருக்குப் பின்னால் குனிந்தார்கள். மாதா சப்பரம் எழும்பியது. எழும்பியதோடு நிற்காமல் ஆடியது. சீரியல் பல்புகள் குலுங்கின, சாமியார் ஒரு கையால் சப்பரத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. கடைத்தெரு முனைவரை அந்தச் சப்பரம் நடக்கவே இல்லை. கால் மரத்துப்போய் நின்றதால்தான் குனிந்தேன் என்று அப்பா பிற்பாடு அம்மாவிடம் விளக்கம் கொடுத்தார். குழாய்க் கடைப் பேச்சை மட்டும் அதன் பிறகு எடுக்கவில்லை.

சுற்று முடிந்து சப்பரம் கோயிலுக்குள் வந்ததும் மாமாவை நாலு பேர் தூக்கிவிட்டார்கள். இறக்கியதும் சேலத்து மாஸ்டர் தேடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். யாருடைய பாட்டு என்று கேட்டார். பிறகு, "தம்பி, எனக்காக ஒரு தடவை மெதுவா வாசிச்சுக் காட்டுவீங்களா?" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமா மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "இது மெதுவா போற பாட்டு இல்லீங்களே, மாஸ்டர்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். சேலத்து வேன் புறப்படும்வரை நான் அந்தப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். தோற்றவர்கள் எப்படி இருப்பார்கள் என்று பார்க்கும் ஆசை. மற்றவர்கள் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருக்க, மாஸ்டர் வேன் படியில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காதபடி கிளாரினெட்டில் மாமாவின் பாட்டை ஊதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து இழுத்து, பாதி வேகத்தில். கண் கலங்கியிருந்தது.

நான் ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். அந்தத் தாத்தா உன் பாட்டைத் திருடுகிறார், ஆனால் பாவம், அவருக்கு வேகமே வரவில்லை, அழுகிறார் என்று. மாமா வெற்றி பெற்றவருக்குரிய பெருந்தன்மையோடு என் தலையில் கை வைத்தார்.

"உடு கண்ணு," என்றார். "நமக்கே நாப்பது நாளு ஆச்சு."