தடி பிடிக்கும் கை

அந்தக் குடியிருப்பில் அவளை எல்லோரும் கார்ப்பெட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எழுபது வயதுக்காரர்கள்கூட அக்கா என்றார்கள், அவளும் மறுத்ததில்லை. நல்ல உயரம். பேருந்தில் நின்றால் மேல்கம்பி அவள் நெற்றிக்கு நேராக வரும். வாய் அதைவிட நீளம் என்று அவள் கணவர் சொல்வார், அவள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.

முன்பு ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். விடுதியை மூடியபோது சாமான்களையெல்லாம் வேலையாட்களையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மற்றவர்கள் திரைச்சீலை, மேசை விளக்கு என்று மொய்த்துக்கொண்டிருக்க, இவள் மூலையில் கிடந்த கார்ப்பெட் கழுவும் இயந்திரத்தின் மேல் கையை வைத்து, "இது எனக்கு" என்றாள். பெரிய சூட்கேஸ் அளவுதான் இருக்கும். அடியில் சக்கரம், உள்ளே இரண்டு தொட்டி. ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் உறிஞ்சி எடுத்த அழுக்குத் தண்ணீர். பெட்டியிலிருந்து நீளமாக ஒரு குழாய், குழாயின் முனையில் ஒரு உலோகத் தடி, தடியின் அடியில் தட்டையான ஒரு வாய். கடைக்காரர்கள் அதை வாண்ட் என்பார்கள். அக்காவுக்கு அது தடிதான்.

விசையை அழுத்தினால் வாயிலிருந்து தண்ணீர் பீச்சும். விசையை விட்டுவிட்டு இழுத்தால் அதே வாய் தண்ணீரை உறிஞ்சும். ஒரு ஈர இழுப்புக்கு இரண்டு உலர் இழுப்பு என்பது அவள் வைத்த சட்டம். அவசரக்காரர்கள் இரண்டாவதை விட்டுவிடுவார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், காசை வாங்கிக்கொண்டு போய்விடலாம். உள்ளே தங்கிய தண்ணீர் காயும்போது அடியில் இருந்த கறையையும் மேலே கொண்டுவரும். மூன்றாம் நாள் போன் வரும். கார்ப்பெட் அக்காவுக்கு அப்படிப் போன் வந்ததே இல்லை, அதாவது ஒரே ஒரு தடவையைத் தவிர.

அந்த ஒரு தடவைக்குக் காரணம் தன் நாத்தனார் என்று அவள் பதினோரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

நாத்தனார், கணவரின் தங்கை. கல்யாணம் சரிப்படாமல் ஒற்றைப் பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். உச்சந்தலை அக்காவின் தோளுக்கு எட்டாது. வந்த முதல் வாரமே, "சும்மா உக்காந்து சாப்பிட எனக்குப் பிடிக்கல அண்ணி, நானும் வர்றேன்" என்று பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அந்த மாதத்திலேயே ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் வேலை வந்தது. அக்கா உள்ளறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும், "முன்னறைய நீ பாத்துடு" என்று தடியை முதல்முறையாக அவள் கையில் கொடுத்துவிட்டு, டாக்டரோடு பேசப் போனாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக் கார்ப்பெட்டில் காலை வைத்தால், கோடு கோடாக ஈரம்.

"இவளுக்கு இது கைவராதுங்க. விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா, டாக்டர் முன்னால், காத்திருந்த நாலு பேர் முன்னால். தடியை வாங்கி மறுபடி இழுத்தாள். ஆனாலும் மூன்றாம் நாள் கறை எழும்பி, போன் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நாத்தனார் தடியைத் தொடவில்லை. மற்றதெல்லாம் அவள் பொறுப்பு. நாற்காலிகளை நகர்த்துவது, மேசைக்காலுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் வைப்பது, அழுக்குத் தண்ணீரைக் கொட்டுவது, அக்கா பின்னால் வரும்போது காலில் சிக்காமல் குழாயைத் தோளில் தூக்கிப் பிடிப்பது. ஒரு வார்த்தை பேசாமல் செய்வாள். அவள் பேசாததை அக்கா சோம்பல் என்று எடுத்துக்கொண்டாள். "தொழில் கத்துக்கணும்னு ஒரு ஆசை வேணாமா மனுஷிக்கு?" என்று கணவரிடம் பலமுறை புலம்பியிருக்கிறாள். கணவர் பேருந்து ஓட்டுகிறவர். இரண்டு பக்கமும் பார்த்து நடுவில் போகத் தெரிந்தவர், அதனால் வாயே திறக்கமாட்டார்.

இப்போது வந்த சிக்கல் அக்காவின் வலது தோள். முதலில் தலை சீவும்போது வலித்தது, பிறகு ஜன்னல் சாத்தும்போது. கடைசியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதத்துக்கு எதையும் இழுக்கக் கூடாது, அதற்குப் பிறகும் யோசித்துத்தான் சொல்ல முடியும் என்றார். அடுத்த வாரம் நூலகத்தின் வாசிப்பு அறை. வருடத்துக்கு ஒருமுறை மூன்று நாள் அறையை மூடி இவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"போதும், விட்டுடேன். வேற யாராவது செய்யட்டும்" என்றார் கணவர்.

"விட்டுட்டு? பால்கனியில நின்னு பஸ் எண்ணவா?"

கோபமாகச் சொன்னாலும் அவளுக்கு உள்ளே பயம்தான். இத்தனை வருடம் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் அந்தத் தடியோடுதான் நின்றிருக்கிறாள். அதைக் கீழே வைத்துவிட்டால் தன்னை யாருக்கு அடையாளம் தெரியும் என்று நினைத்தாள். நூலகம் ஒருமுறை வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டால் அடுத்த வருடமும் அவரைத்தான் கூப்பிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். கொஞ்சம் சுலபமாக இழுக்கிற மாதிரி வேறு தடி கிடைத்தால் சமாளித்துவிடலாம் என்று முடிவு கட்டினாள்.

சனிக்கிழமை காலை அக்காவும் நாத்தனாரும் பெட்டியையும் பழைய தடியையும் தள்ளிக்கொண்டு சுத்தம் செய்யும் சாமான் விற்கும் கடைக்குப் போனார்கள். கடையின் பின்பக்கத்தில் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு பழைய கார்ப்பெட் விரித்திருந்தது. கடைக்காரர் ஒரு காதில் போனை வைத்தபடியே மூன்று தடிகளை எடுத்து வந்து சுவரில் சாய்த்தார். எதுவானாலும் ஒன்றுதான் வாங்க முடியும் என்று அக்கா வீட்டிலேயே கணக்குப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

முதலாவது அகல வாய். "பாதி இழுப்புல வேலை முடியும்க்கா" என்றார் கடைக்காரர். அக்காவுக்கு உள்ளுக்குள் தெரியும், தன் சின்னப் பெட்டியின் மூச்சு அவ்வளவு அகலத்துக்குப் பத்தாது என்று. தெரிந்தும் ஆசை விடவில்லை. இடது கையால் இழுத்துப் பார்த்தாள். நினைத்தது போலவே பாதித் தண்ணீர் கார்ப்பெட்டிலேயே நின்றது. திரும்பச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

இரண்டாவது, பழைய தடியின் அதே நீளம், அதே அகலம், எடை பாதி. வாயின் உதட்டில் வழவழப்பான ஒரு பட்டை பொருத்தியிருந்தது. அது கார்ப்பெட்டைக் கவ்வாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அக்காவின் முகம் மலர்ந்தது. இடது கையால், மெதுவாக, வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, இதை வைத்து ஓட்டிவிடலாம்.

மூன்றாவதும் அதே பட்டை போட்டதுதான், ஆனால் குட்டை. அதை அவள் கையால்கூடத் தொடவில்லை.

"பழசுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாத்துடலாம்" என்று பழைய தடியைக் குழாயில் மாட்டினாள். தோள் சுரீர் என்றது. சுவரில் சாய்ந்துகொண்டு, "நீயே ரெண்டு இழுப்பு இழு. சும்மா பாக்கத்தான்" என்றாள்.

நாத்தனார் நகரவில்லை. "எனக்குத்தான் வராதே அண்ணி."

"இங்க யாரு உன்ன மார்க் போடப் போறா? இழு."

இத்தனை வருடத்தில் அக்கா யாரும் தடி இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. எப்போதும் தடி அவள் கையில்தான் இருந்தது. இப்போதுதான் பார்த்தாள். தடியின் கைப்பிடி நாத்தனாரின் மார்புக்கு வந்தது. அவ்வளவு உயரத்தில் பிடித்தால் இழுக்க வலு வராது. அதனால் அவள் அதை இடுப்புக்குத் தாழ்த்தினாள். தாழ்த்தியதும் கீழே வாயின் முன் உதடு நூலளவு தூக்கிக்கொண்டது. பெட்டியின் சத்தம் மாறி உஸ்ஸென்று காற்றை இழுத்தது. நாத்தனார் நகர்ந்த இடத்தில் கார்ப்பெட்டின் மேல் ஓர் ஈரக் கோடு.

அந்தக் கோட்டை அக்காவுக்குத் தெரியும். பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் வெறுங்காலால் மிதித்த அதே கோடு.

சுவரில் சாய்த்திருந்த குட்டைத் தடியை அவளே எடுத்து மாட்டி, "இத இழு" என்றாள். நாத்தனார் இழுத்தாள். வாய் தரையோடு படிந்து வந்தது, சத்தம் ஒரே சீராக இருந்தது. சொல்லாமலே அதே இடத்தில் இரண்டாவது உலர் இழுப்பும் போட்டாள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தாள். ஈரம் ஒட்டவில்லை. கையில் அத்தனை சுத்தம், பதினோரு வருடம் பின்னால் நின்று பார்த்தே கற்றுக்கொண்ட சுத்தம். அக்காவுக்கு வெட்கமாக இருந்தது.

"தடி உனக்கு உசரம்னு உனக்குத் தெரியுமா?"

நாத்தனார் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். "மூணாவது இழுப்புலயே தெரிஞ்சுது அண்ணி. அந்தப் பல் டாக்டர் எடத்துல."

"ஏன்டி சொல்லல?"

"எனக்கு வராதுன்னு நீங்க அத்தன பேர் முன்னாடி சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் நான் தடி மேல பழியப் போட்டா யாரு நம்புவா?"

அக்கா கழற்றிப்போட்ட செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டாள். கடைக்காரர் போனை வைத்துவிட்டு வந்து, எது என்று கேட்டார். அவள் இரண்டாவதை எடுத்துப் பார்த்தாள். தன் இடுப்புக்குச் சரியாக வந்தது. இதை வாங்கினால் நூலகம் தன் கையில் இருக்கும். பட்டையை ஒருமுறை விரலால் தடவிவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"அந்தக் குட்டையக் குடுங்க."

"உங்களுக்கு அது குட்டைங்க. குனிஞ்சு குனிஞ்சு முதுகு போயிடும்."

"எனக்கில்ல."

நூலகத்தில் முதல் நாள் பெரும் கூத்தாக இருந்தது. குழாயைத் தூக்கிப் பிடிப்பது ஒரு வேலையா என்று இத்தனை நாள் நினைத்திருந்த அக்கா, அதை நாற்காலிக் காலில் சுற்றினாள், நாத்தனாரின் காலில் சுற்றினாள், ஒருமுறை தன்னையே சுற்றிக்கொண்டு நின்றாள். "தோள்ல போட்டுக்கோங்க அண்ணி, இடது தோள்ல. நான் பின்னாடி வரும்போது நீங்களும் ஒரு எட்டு பின்னாடி வாங்க" என்று நாத்தனார் சொல்லிக்கொடுத்தாள். அழுக்குத் தண்ணீரைத் தொட்டியோடு தூக்க முடியாமல், இடது கையால் சின்ன வாளியில் மொண்டு மொண்டு கொட்டினாள் அக்கா. இதையெல்லாம் நாளுக்குப் பத்து தடவை செய்தவளைத்தான் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறோம் என்று ஒவ்வொரு வாளிக்கும் ஒருமுறை நினைத்தாள்.

மூன்றாம் நாள் மாலை நூலகர் அம்மா இரண்டு உதவியாளர்களோடு வந்தார். வழக்கம்போல நேராக அக்காவிடம், "காலையில அறையத் திறக்கணுமே, காஞ்சிடுமா?" என்று கேட்டார்.

அறையின் நடுவில் தடியோடு நின்றிருந்தாள் நாத்தனார். அக்கா குழாயைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

"என்னக் கேக்காதீங்கம்மா. இந்தத் தடவ முழுக்க செஞ்சது இவ." "முன்ன ஒரு எடத்துல, நாலு பேர் முன்னாடி, இவளுக்கு இது கைவராதுன்னு நான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். கையில ஒரு குறையும் இல்ல. என் உசரத்துக்கு இருந்த தடியத்தான் நான் இவ கையில குடுத்தேன்."

நூலகர் அம்மாவுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. "அப்படியா" என்று நாத்தனாரின் பக்கம் திரும்பி, "அப்ப நீங்க சொல்லுங்க" என்றார்.

நாத்தனார் குனிந்து கார்ப்பெட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"நாலு மணி நேரம். ஜன்னல் ரெண்டையும் திறந்து வைங்க." பிறகு அக்காவைப் பார்த்தாள். "அண்ணி, கடைசி வரிசையில அந்த ரெண்டு நாற்காலியையும் நகத்துங்க. அங்க இன்னொரு உலர் இழுப்பு போட்டுடறேன்."

"சரிம்மா" என்று கார்ப்பெட் அக்கா இடது கையால் நாற்காலியை நகர்த்தப் போனாள்.