முன்னால் போகும் குப்பை லோரி

தீவின் குப்பையை ஏற்றிக்கொண்டு கடற்பாலத்தில் ஒரு லோரி எனக்கு முன்னால் அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் பக்கம் போகிறது. கார்க் கண்ணாடியை முழுதாக ஏற்றியும் அந்தக் கெட்டுப்போன நெடி விடவில்லை. இதே நெடியைச் சிறுவயதில் மடியில் வைத்துச் சுமந்திருக்கிறேன்.

அம்மாவின் அக்கா தீவில், ஜார்ஜ்டவுனில் இருந்தார், நாங்கள் பட்டர்வொர்த் கரையில், பாகான் டாலாமில். தீபாவளி முடிந்து மறுவாரம்தான் பெரியம்மா எங்களை அழைப்பார். கிளம்பும்போது சிக்கு வாடை அடிக்கும் முறுக்கு, பூஞ்சை பிடித்த அதிரசம், அவர் மகன் போட்டுக் கிழித்த சட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்துக் கொடுப்பார்.

“உங்க பக்கத்துக்கு இது போதும் லா.”

பாசமாகத்தான் சொல்வார். அந்தப் பாசத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அம்மா சிரித்துக்கொண்டே வாங்குவார். ஃபெரியில் ஏறியதும் சிரிப்பு போய்விடும். ஒருமுறை பையைக் கடலில் வீசப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம்டா. அலை அதையும் நம்ம கரைக்குத்தான் தள்ளும்.”

கைப்பேசி அடிக்கிறது. பெரியம்மாவின் மகன்.

“தம்பி, நாங்க இருக்கிற வாடகை வீட்ட ஹோட்டலாக்கப் போறாங்களாம். காலி பண்ணச் சொல்லிட்டாங்க. தீவுல வாடகை கட்டுப்படியாகல. செபராங் ஜெயாவுல வீடு தேடுறேன். உங்க பக்கம் எப்படி, நல்லா இருக்குமா?”

லோரியிலிருந்து ஒழுகிய தண்ணீர் என் கண்ணாடியில் தெறிக்கிறது.

“வாங்கண்ணே,” என்கிறேன். “நீங்க குடுத்துவிட்டதெல்லாம் இங்கதான் இருக்கு.”